டி.டி. லாரிக்கு மரப் பாடி: உள்ளே இரும்பு ஃப்ரேம் போடலாமா?

கேள்வி | ஜனவரி 9

1925 ஃபோர்டு மாடல் டி.டி., ஒரு டன் லாரி. எஞ்சின், சேஸிஸ், சக்கரம் எல்லாம் இருக்கு. கேபின் மரம் பாதி செல்லரிச்சு, பாதி உளுத்துப் போச்சு. பின்பாடி இல்லவே இல்லை. ஒன்றரை இஞ்ச் சதுரக் குழாயில் ஃப்ரேம் வெல்டு பண்ணி, மேலே தேக்குப் பலகை ஒட்டி, வார்னிஷ் அடிச்சு பிக்கப் ஆக்கிடலாம்னு இருக்கேன். அந்தக் காலத்துல வேற வழியில்லாம மரத்துல கட்டினாங்க. இரும்பு போட்டா ஆயுசுக்கும் ஆடாது. சரிதானே அண்ணே?

ஜனவரி 9

ஆடாதுங்கிறதுதான் தப்பு. அந்த வண்டி ஆடணும்.

முன்னாடி ஒரே ஒரு வில்லு, குறுக்கே கிடக்கும், நடுவுல மட்டும் பிடிப்பு. எஞ்சின் மூணு இடத்துல உட்கார்ந்திருக்கு. சேஸிஸ் சட்டம் ரெண்டும் மெல்லிசு. ஒரு சக்கரம் மேட்டுல ஏறினா சட்டமே முறுக்கிக் கொடுக்கும், அப்படி நினைச்சுத்தான் செஞ்சிருக்காங்க. அது மேல வெல்டு பண்ணின கூண்டை இறுக்கினா முறுக்கு எங்கே போகும்? கூண்டோட மூலை வெல்டுக்குப் போகும். வெல்டு தாங்கினா சேஸிஸ் ரிவெட் லூஸாகும். ஒட்டின பலகை ரெண்டுக்கும் முன்னாடியே நார் வாக்குல பிளந்துடும்.

மரச்சட்டத்துல மூட்டுக்கு மூட்டு துளி அசைவு இருக்கும். எல்லாம் சேர்ந்து அந்த முறுக்கைப் பங்கு போட்டுக்கும். பசை வேண்டாம், போல்ட் போதும்.

ஜனவரி 10

"ஒரிஜினல் பாடி எப்படி இருந்திருக்கும்"னு தனியா கேட்டிருக்கீங்க. டி.டி. வந்தது 1917ல். மாடல் டி காரோட முன், பின் சக்கர இடைவெளி 100 இஞ்ச், இதுக்கு 124. ஆரம்பத்துல ஃபோர்டு வித்தது வெறும் சேஸிஸ்தான். கம்பெனியோட சொந்த கேபின் 1924லதான் வந்தது. அதுவரைக்கும் கேபின், பின்பாடி ரெண்டும் அந்தந்த ஊர் பட்டறை வேலை. அதனால பின்பாடிக்கு "இதுதான் ஒரிஜினல்"னு ஒண்ணை மட்டும் காட்ட முடியாது. நம்ம பக்கம் வந்தது பெரும்பாலும் கனடா ஃபோர்டு வலதுகை ஸ்டியரிங் வண்டி. 1926ல் ஃபோர்டு இந்தியா தொடங்கி மதராஸ், பம்பாய், கல்கத்தாவுல பூட்டினாங்க. உங்க வண்டிக்கு மேல ஏறியிருந்த மரம் தேக்கா வேங்கையான்னு எந்த கேட்லாக்கும் சொல்லாது. மிச்சமிருக்கிற துண்டை இழைச்சுப் பாருங்க, ஒரு நல்ல ஆசாரி வாசனையிலேயே சொல்லிடுவார்.

உளுத்துப் போன கட்டையைத் தூக்கிப் போடாதீங்க. அதுதான் உங்க அளவுச் சட்டம். போல்ட் துளை, வளைவு, சரிவு எல்லாம் அதுல இருக்கு. பொடிஞ்சா மெல்லிய எபாக்ஸி (ரெண்டு பாகம் கலந்து கெட்டியாகிற பசை) ஊத்தி கெட்டியாக்கி, படி எடுத்துட்டு அப்புறம் எறியுங்க.

ஜனவரி 14

பின்பாடிக்கு மரக் கணக்கு. 8 அடி நீளம், 5 அடி அகலம், பக்கப்பலகை 1 அடி உயரம்:

நீளக்கட்டை 2, ஒவ்வொண்ணும் 8 அடி, 4க்கு 3 இஞ்ச்: 1.3 கன அடி.
குறுக்குக்கட்டை 7, ஒவ்வொண்ணும் 5 அடி, 3க்கு 2 இஞ்ச்: 1.5 கன அடி. மையத்துக்கு மையம் 16 இஞ்ச் வரும்.
தரைப்பலகை 1 இஞ்ச் கனம்: 3.3 கன அடி.
சுத்துப் பலகை 1 இஞ்ச் கனம்: 2.2 கன அடி.

மொத்தம் 8.3. சேதாரம் 20 சதவீதம் சேர்த்து 10 கன அடி வாங்குங்க. காய்ஞ்ச தேக்குல பாடி எடை 150 கிலோவுக்குக் கொஞ்சம் மேல.

ஜனவரி 15

மேல கொடுத்த கணக்கு தப்பு. இழைச்ச அளவை வச்சுப் போட்டுட்டேன். மில்லுல அறுத்த பலகையை ரெண்டு பக்கமும் இழைச்சா 1 இஞ்ச் நிக்கணும்னா ஒன்றே கால் இஞ்ச் வாங்கணும். பலகை 5.5 கன அடி அப்போ 6.9 ஆகும். கட்டைகளுக்கு 15 சதவீதம் கூட்டினா 3.2. சேதாரத்தோட 12 கன அடி. பத்து வாங்கினவங்க மன்னிக்கணும், கடைக்கு இன்னொரு நடை.

ஜனவரி 22

எந்த மரம்? டெட்ராய்ட் பக்கம் சட்டத்துக்கு ஆஷ், மேப்பிள், ஓக். மிச்சிகன்ல ஃபோர்டு சொந்தமா காட்டை வாங்கி அயர்ன் மவுண்டன்ல மில்லே வச்சிருந்தாங்க. மிச்சமான துண்டு துணுக்கைக் கரியாக்கி, கட்டி பிடிச்சு ஃபோர்டு டீலர் கடையிலேயே வித்தாங்க. அமெரிக்கால இன்னிக்கு கறி சுட வாங்குற கிங்ஸ்ஃபோர்டு கரி அந்த வம்சம்தான். மாடல் டி-யோட எந்தப் பாகமும் வீணாகலைன்னு சொல்லிக்கலாம்.

ஆஷ் நல்லா வளைஞ்சு கொடுக்கும், ஆணியைப் பிடிக்கும். ஆனா ஈரம் பட்டா சீக்கிரம் மக்கும், வெளிச்சுத்து வெள்ளைல உளு விழும். நம்ம ஊர் ஈரத்துக்கு அதை இறக்குமதி பண்றது வீண் வேலை. தேக்குல வைரம் பாய்ஞ்ச பகுதி மட்டும். ஓரத்துல வெள்ளை தெரிஞ்சா சீவிடுங்க, செல்லு முதல்ல அங்கதான் வைக்கும். தேக்குல இருக்கிற எண்ணெய் இரும்பை அரிக்காது. ஓக், வேங்கை, மருது இதுலெல்லாம் துவர்ப்பு அதிகம், இரும்பு ஆணியைச் சுத்தி கறுப்புக் கறை படிஞ்சு ஆணியும் தேயும். அந்த மரம்னா கால்வனைஸ்டு இல்லைன்னா ஸ்டெயின்லெஸ்.

தேக்கோட குறை: ஓரத்துல நேரா ஆணி அடிச்சா பிளக்கும். கேபின் தகட்டை மடிச்சு அடிக்கிற சின்ன ஆணிக்குக்கூட முன்துளை போடணும்.

பிப்ரவரி 3

"நீளக்கட்டையை சேஸிஸோட பிடிக்க அரை இஞ்ச் துளை எத்தனை போடணும்?"

ஒண்ணுகூட வேண்டாம். சட்டத்தோட மேல் உதடும் கீழ் உதடும்தான் வளைவைத் தாங்குற பகுதி. அங்க துளை போட்டா விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். யூ போல்ட் போடுங்க, பக்கத்துக்கு நாலு. சட்டம் 'ப' வடிவம்ங்கிறதால உள்ளே கெட்டியா ஒரு மரத்துண்டு செருகிட்டு இறுக்கணும். இல்லாட்டி நட்டு முறுக்க முறுக்க உதடு உள்ளே மடங்கும், நாம "நல்லா டைட்டாகுது"ன்னு நினைச்சுக்கிட்டிருப்போம்.

பின்னாடி மூணு ஜோடி இறுக்கம். கேபினுக்குப் பக்கத்துல இருக்கிற முதல் ஜோடிக்கு நட்டுக்கு அடியில கெட்டி ஸ்பிரிங் போட்டு, கையால தூக்கினா அசையற மாதிரி விடுங்க. கேபினுக்கும் பின்பாடிக்கும் நடுவுல 40 மி.மீ. வெளி. கட்டைக்கும் சட்டத்துக்கும் இடையில கம்பளி ஃபெல்ட் போடுற பழக்கம் உண்டு. கிரீச் சத்தம் நிக்கும், ஆனா ஃபெல்ட் தண்ணியைக் குடிச்சு வச்சுக்கும். லாரி டியூப் ரப்பரை வெட்டிப் போட்டா ரெண்டு தொல்லையும் இல்லை.

பிப்ரவரி 4

இறுக்கம்னா எவ்வளவுன்னு கேட்டா: வாஷர் மரத்துல பதிய ஆரம்பிக்கிற இடத்துல நிறுத்துங்க.

பிப்ரவரி 19

பசை பற்றி மரவேலை தெரிஞ்ச ஒருத்தர் சண்டைக்கு வந்திருக்கார். நியாயம் அவர் பக்கம்தான், "பசை வேண்டாம்"னு ஒரே போடா எழுதினது மிகை. கேபினோட கதவு, ஜன்னல் சட்டம் மாதிரி சின்னக் கூட்டுக்கு துளையும் கழுந்தும் வெட்டிப் பசை போடலாம், போடணும். கதவு சதுரமா நிக்கணுமே. பசை கூடாதது பாடியோட நீளத்துக்கும் ஓடற பெரிய மூட்டுகள்ல: நீளக்கட்டை மேல குறுக்குக்கட்டை, குறுக்குக்கட்டை மேல தரைப்பலகை. அங்கே சதுரக் கழுத்து போல்ட் மட்டும்.

தேக்குக்குப் பசைன்னா எபாக்ஸி. இழைச்ச அன்னிக்கே அசிட்டோன் தொட்ட துணியால ஒருமுறை துடைச்சு, காய்ஞ்ச உடனே ஒட்டணும். மறுநாள் வரைக்கும் விட்டா எண்ணெய் மேலே வந்துடும். கிளாம்பைக் கொலைவெறியா இறுக்காதீங்க, எபாக்ஸி எல்லாம் வெளியே வழிஞ்சு மூட்டு பட்டினி கிடக்கும்.

மார்ச் 8

தரைப்பலகை இடைவெளி. 6 இஞ்ச் அகலத்துல பத்துப் பலகை. ஒண்ணுக்கொண்ணு 5 மி.மீ. விடுங்க.

ஓரத்தை அரைக்கு அரை வெட்டி 10 மி.மீ. ஒண்ணு மேல ஒண்ணு ஏறணும், இல்லாட்டி சக்கரச் சேறு நேரா மேல வரும்.

மார்ச் 30

கேபின் தரைப்பலகை. படம் பார்த்தேன். அழகா ஒரே பலகையா இழைச்சு, 14 திருகு போட்டு, பாலிஷும் பண்ணியாச்சு. கழட்டுங்க.

அதுக்கு நேர் கீழ கியர் பெட்டியோட மூடி. உள்ளே டிரம்மைச் சுத்திப் பிடிக்கிற பட்டை, அதாவது பேண்ட், மூணு: தாழ்கியர், ரிவர்ஸ், பிரேக். அதைத் திறந்து சரிபண்ற வேலை வந்துக்கிட்டே இருக்கும். தரையை மூணு துண்டா, பெடல் ஓடற வெட்டோட, திருகு இல்லாம தூக்குற மாதிரி வைக்கணும். சீட்டும் அப்படித்தான். பெட்ரோல் டேங்க் சீட்டுக்கு அடியில, ஊத்தணும்னா மெத்தையைத் தூக்கணும். அங்கே "ஸ்டோரேஜ் பாக்ஸ்" வரைஞ்சிருக்கீங்க, அது வேண்டாம்.

டேங்க் அங்கே இருக்கிறதால பெட்ரோல் தானா இறங்கித்தான் கார்புரேட்டருக்கு வரும், பம்ப் கிடையாது. செங்குத்தான ஏத்தத்துல டேங்க்ல பெட்ரோல் கம்மியா இருந்தா எஞ்சின் திக்கி நிக்கும். அப்போ திருப்பி ரிவர்ஸ்ல ஏத்தணும். கொடைக்கானலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டுப் போறவர் கோவிச்சுக்கிட்டுப் போறார்னு ஊர் நினைக்கும்.

ஏப்ரல் 2

பேண்டுக்கு லைனிங் பருத்தி, கெவ்லார்ங்கிற செயற்கை நார், மரம் மூணும் கிடைக்குது. ஆமா, மரம். மாட்டுறதுக்கு முன்னாடி எண்ணெய்ல ஊற வச்சு, முதல் கொஞ்ச நாள் மெதுவா மிதிச்சு ஓட்டினா நல்லா உழைக்கும். எது போட்டாலும் அதிகமா இறுக்கினா பெடலைத் தொடாதப்பவும் டிரம்மை உரசிச் சூடாகும்.

ஏப்ரல் 20

"பின்னாடி துணை கியர்பெட்டி ஒண்ணு சேர்க்கலாமா, வேகம் பத்தலை."

வேகம் பத்தாதுதான். பின்னச்சுல வார்ம் கியர் (திருகு மாதிரி பல் வெட்டினது), சாதா விகிதம் 7.25, அதாவது ஷாஃப்ட் ஏழே கால் சுத்து சுத்தினாத்தான் சக்கரம் ஒரு சுத்து. மணிக்கு 15 மைல், அதாவது 24 கி.மீ. மேல ஓட்டாதேன்னு அந்தக் காலத்துலயே சொன்னது. 5.17 விகிதம் கிடைச்சா 22 மைல்.

துணைப்பெட்டி சேர்க்கலாம், ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கணும். கால் பிரேக் சக்கரத்துல இல்லை, எஞ்சின் பக்கத்து கியர் பெட்டிக்குள்ள இருக்கு. துணைப்பெட்டி அதுக்குப் பின்னாடி. அது நியூட்ரல்ல மாட்டிக்கிட்டா பிரேக்கை மிதிச்சாலும் சக்கரத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. டிரைவ் ஷாஃப்ட் உடைஞ்சாலும் இதே கதை. கைப்பிரேக் மட்டும் சக்கரத்துல. அதனால துணைப்பெட்டி மாட்டுறதுக்கு முன்னாடியே பின் சக்கர டிரம் மேல வெளிப்பட்டை பிரேக் போடணும், தனிப் பெடல் இணைப்போட. இது இல்லாம வார்னிஷ் டப்பாவைத் திறக்காதீங்க.

வார்ம் சக்கரம் வெண்கலம். சல்ஃபர் சேர்மானம் அதிகமுள்ள ஜி.எல்-5 ரக கியர் ஆயில் ஊத்தினா வெண்கலத்தை அரிக்கும். பழைய முறை நீராவி எஞ்சின் சிலிண்டர் ஆயில், இப்போ "600 டபிள்யூ"ன்னு விக்கிறது அந்த வகை.

மே 11

சக்கரத்தோட மர ஆரம், அதாவது ஆரக்கால், லூஸானா? "கட்டுத்தறியில தண்ணி ஊத்தி ஊற வச்சா இறுகிடும்னு எங்க தாத்தா வண்டிக்குப் பண்ணுவார்."

மாட்டுவண்டிக்கு ரெண்டு நாள் சந்தைக்குப் போய்வர அது ஓடும். ஊறின மரம் விரிஞ்சு, இரும்போட நெரிஞ்சு நசுங்கும். காயும்போது முன்னைவிட லூஸாகும். இன்னொரு வித்தியாசமும் இருக்கு. மாட்டுவண்டிச் சக்கரம் பாரத்தைத் தாங்கிக்கிட்டு உருளும், அவ்வளவுதான். லாரியோட பின் சக்கரத்துல எஞ்சின் இழுப்பும் பிரேக் பிடிப்பும் குடத்துலருந்து ஆரம் வழியாத்தான் வெளி வளையத்துக்குப் போகணும். ஆரத்தோட அடி குடத்துக்குள்ள முன்னும் பின்னும் திருகப்படும். லூஸான ஆரம் அந்தத் திருகலை ரொம்ப நாள் தாங்காது.

சோதனை: ஜாக்கில தூக்கி ஒவ்வொரு ஆரத்தையும் சின்னச் சுத்தியால தட்டுங்க. இறுக்கமானது கணீர்னும், லூஸானது பொத்துனும் கேக்கும். அப்புறம் டயரை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டி, ஆரமும் குடமும் சேர்ற இடத்துல பெயின்ட் கோட்டுல விரிசல் இருக்கான்னு பாருங்க. ஒண்ணு ரெண்டு லூஸ்னாலும் முழு செட் மாத்துங்க. பழையதுக்கு நடுவுல புதுசு ரெண்டு போட்டா பாரம் முழுக்க அது தலையில.

ஜூன் 6

தரைப்பலகை இடைவெளி 5 மி.மீ.னு மார்ச்ல எழுதினதைத் திருத்துறேன். மரத்தோட ஈரம் தெரியாம ஒரே எண் சொன்னது தப்பு. தேக்குல 6 இஞ்ச் பலகை, ஈரம் 5 சதவீதப் புள்ளி கூடினா சுமார் ஒன்றரை மி.மீ. விரியும். ஆஷ்னா 2 மி.மீ. மே மாசம் நல்லா காய்ஞ்ச பலகை அடிக்கிறீங்கன்னா 3 மி.மீ. தாராளம். ஐப்பசி மழையில அடிச்சா 1 மி.மீ. போதும், கோடையில அதுவே திறந்துக்கும். ஈரமானி வாங்குங்க, 12 சதவீதம் பக்கம் காட்டினா வேலையைத் தொடங்கலாம். ஒரு இஞ்ச் கனத்துக்கு ஒரு வருஷ நிழல் உலர்ப்புங்கிற பழைய கணக்கு இன்னும் பொய்யாகலை.

ஜூலை 17

வார்னிஷ். வேலைக்குப் போன லாரிகளோட மரத்துக்குப் பெரும்பாலும் பெயின்ட்தான் அடிச்சாங்க. பளபள தேக்கு இன்னிக்கு ரசனை. வேணும்னா அடிங்க, வண்டி உங்களுது. ஆனா முதல்ல எண்ட் கிரெயின், அதாவது பலகையோட ரெண்டு முனை, ஒவ்வொரு போல்ட் துளையோட உள்பக்கம்: மெல்லிய எபாக்ஸி ரெண்டு கை. தண்ணி ஏறுறது அங்கேதான். அடிப்பக்கத்தையும் விடாதீங்க. மேல மட்டும் பூசின பலகை கிண்ணமா வளையும்.

படகு வார்னிஷ் முதல் கை பாதிக்குப் பாதி தின்னர், ரெண்டாவது கால் பங்கு, அப்புறம் நாலு கை அப்படியே. நடுவுல 320 நம்பர் உப்புத்தாள். வெயில்ல நிக்கிற வண்டின்னா வருஷம் ஒரு கை கட்டாயம், உரிஞ்ச பிறகு அடிக்க நினைச்சா முழுக்கச் சுரண்டணும்.

லின்சீட் ஆயில் தேய்ச்ச துணியைச் சுருட்டி மூலையில போடாதீங்க. தானா சூடேறிப் பத்திக்கும். விரிச்சுக் காயப் போடுங்க, இல்லை தண்ணி வாளியில.

ஆகஸ்ட் 2

"சேஸிஸை வெட்டி நீளம் குறைச்சு, டீசல் எஞ்சின் வச்சா?"

வெட்டறதுக்கு முன்னாடி 2021 ஜூலை விதியைப் படிங்க. 50 வருஷம் தாண்டி, சொந்த உபயோகத்துல, அசல் உருவத்துல இருக்கிற வண்டிக்கு வின்டேஜ் பதிவு, 'வி.ஏ.' எண். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், மறுபதிவு 5,000. சேஸிஸ், பாடிக் கூடு, எஞ்சின்ல பெரிய மாற்றம் பண்ணினா அந்த வரையறைக்கு வெளியே போயிடும். தினசரி ஓட்டவும் வாடகைக்கு விடவும் அனுமதி இல்லை. அதனாலதான் பழைய கட்டையைப் படம் எடுத்து அளவோட வைக்கச் சொல்றேன், மரத்தை மரமாவே மாத்தினேன்னு காட்ட உதவும்.

கழட்டி எடுக்கிற மாதிரி எது வேணும்னாலும் சேருங்க. 24 கி.மீ. வேகத்துல போற வண்டிக்குப் பின்னாடி பிரகாசமான எல்.இ.டி. விளக்கு அவசியம். அதை பின்கதவுப் பலகையில இல்லாம, குறுக்குக்கட்டைல மாட்டுங்க. கதவைத் தொங்கவிட்டா விளக்கு தரையைப் பார்க்கும்.

அக்டோபர் 29

எஞ்சின் மழைநாள்ல மட்டும் ஒரு சிலிண்டர் விடுதுன்னா பிளக்கை மாத்திக்கிட்டே இருக்காதீங்க. பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கிற நாலு காயிலும் உட்கார்ந்திருக்கிற பெட்டியே மரம். ஈரம் ஏறினா உயர் மின்னழுத்தம் மரம் வழியா கசியும். பெட்டிக்குள்ள உள்சுவரை பிளாஸ்டிக்ல மாத்திக்கிற கிட் கிடைக்குது. இந்த வண்டியில மரம் வேண்டாம்னு நான் சொல்ற ஒரே இடம் இதுதான்.

நவம்பர் 23

முதல் மழை முடிஞ்சதும் எல்லா யூ போல்ட்டையும் ஒரு சுத்து பாருங்க. மரம் ஊதியிருக்கும், வாஷர் பதிஞ்சிருந்தா கால் சுத்து தளர்த்துங்க. கோடையில திரும்ப இறுக்குங்க.

நவம்பர் 25

பக்கப்பலகை அடியில வடிகால் துளை 6 மி.மீ.னு போன்ல சொல்லியிருந்தேன். 10 ஆக்குங்க. ஆறுல குளவி மண் வச்சு அடைச்சுடுது.